எலியின் இரவும் நம் இரவும்

எதிர்வீட்டுப் பெரியம்மா போன வாரம் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். நியூஜெர்சியில் இருக்கும் மகன் அனுப்பியது. ஊதா மூடி, உள்ளே 120 மாத்திரைகள், ஒவ்வொன்றிலும் மெலடோனின் 10 மில்லிகிராம் என்று மேலே போட்டிருந்தது. “தூக்கத்துக்குன்னுதான் தம்பி அனுப்பினான். ஆனா போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. இதைப் போட்டுக்கிட்டா வாதம் வந்தாலும் மூளை கெடாதாம். உங்க பெரியப்பாவுக்கு அன்னிக்கு இது கையில இருந்திருந்தா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வியை ‘அதெல்லாம் சும்மா’ என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ‘ஆமாம்’ என்று சொல்லவும் வாய் வரவில்லை. முப்பது ஆண்டு ஆராய்ச்சி அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறது. அது ஏன் அங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் பொழுது. பெரியம்மாவுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மூளையின் நடுவில், இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்துக்குப் பின்னால், பினியல் சுரப்பி இருக்கிறது. மிளகைவிடச் சற்றுப் பெரிது. எடை ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறுமோ தேறாதோ. மூளையில் எல்லாம் இரட்டையாக இருக்க, இது மட்டும் ஒற்றையாக இருப்பதாகக் கருதிய தத்துவஞானி தெகார்த், ஆன்மாவின் இருப்பிடம் இதுவே என்று 17-ஆம் நூற்றாண்டில் எழுதினார். 1917-இல் மாட்டின் பினியல் சாற்றைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் தோல் வெளுத்தது. அந்தச் சாற்றில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க 40 ஆண்டு ஆயிற்று. கண்டுபிடித்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஆரன் லெர்னர். அவர் தோல் மருத்துவர். வெண்புள்ளி நோய்க்கு வழி தேடியவர். லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்டு பினியல்களை அரைத்து, வடித்து, 1958-இல் ஒரு துளி வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு மெலடோனின் என்று பெயரிட்டார். வெண்புள்ளிக்கு அது உதவவில்லை. ஆனால் உடம்பு இருட்டை அறிந்துகொள்ளும் வழி அப்போது கையில் சிக்கியது.

அந்த வழி நேரானது அல்ல. கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சம் எவ்வளவு என்று அளப்பதற்கென்றே சில நரம்பணுக்கள் உண்டு. நீல வெளிச்சத்துக்கு அவை கூர்மையாக விழித்துக்கொள்ளும். அங்கிருந்து செய்தி மூளையின் அடியிலுள்ள நேரக் காப்பாளரான ஒரு சிறு நரம்பு முடிச்சுக்குப் போகிறது. அங்கிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி, கழுத்துவரை வந்து, மறுபடி மேலேறிப் பினியலை அடைகிறது. வெளிச்சம் என்ற செய்தி வந்தால் பினியல் அடங்குகிறது. செய்தி நின்றால் சுரக்கத் தொடங்குகிறது. நம் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்திருக்கிறது. அந்தக் கணக்கில் சொன்னால், மாலையில் மெல்ல எழுந்து, யாமத்தில் ஏறி, யாமம் முடிந்து வைகறை தொடங்கும் 2 மணி முதல் 4 மணிக்குள் உச்சம் தொட்டு, விடியலில் வடிந்துவிடுகிறது மெலடோனின். வயது ஏற ஏற அந்த உச்சம் தாழ்ந்துகொண்டே போகும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இனிப் பக்கவாதம். மூளை நம் எடையில் 2 சதவீதம்; ஆனால் நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. பெரும்பாலான பக்கவாதங்கள் ரத்தக்குழாய் அடைப்பால் வருபவை. மீதி, குழாய் வெடித்துக் கசிவதால் வருபவை. அடைப்பினால் என்ன ஆகிறது என்பதைப் பாசனம் தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது. வாய்க்கால் அடைபட்டால் அடைப்பை ஒட்டிய வயல் முதலில் காய்ந்துவிடும். அதைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் பக்கத்து வாய்க்காலிலிருந்து கொஞ்சம் கசிவு வரும். பயிர் வாடி நிற்கும், சாகாது. மூளையிலும் அப்படி வாடி நிற்கும் ஒரு வட்டம் உண்டு. அந்த நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிட்டன, ஆனால் உயிரோடு இருக்கின்றன. தண்ணீர் சீக்கிரம் வந்தால் பிழைக்கும், தாமதித்தால் அவையும் காய்ந்த வயலில் சேரும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டுச் சொன்னார். பக்கவாத மருத்துவம் முழுவதும் அந்த வாடிய வட்டத்துக்காக நடக்கும் போராட்டம்தான்.

அடைப்பை நீக்க இன்று இரண்டு வழிகள் உறுதியாக உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, 1995-இல் நிரூபணமானது. முதலில் 3 மணி நேரம் என்றிருந்த கெடு 2008-இல் நாலரை மணி நேரமானது. மற்றொன்று, தொடை வழியாகக் குழாயை நுழைத்துக் கட்டியையே இழுத்து எடுப்பது. 2015-இல் நிலைபெற்ற இந்த முறை, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை பயன்படும் என்று 2018-இல் தெரிந்தது. ஆனால் தண்ணீரைத் திறந்துவிடுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. காய்ந்து வெடித்த வயலில் திடுமென வெள்ளம் பாய்ந்தால் வரப்பு உடையும். மூளையில் ரத்தம் திரும்பும்போது, ஆக்ஸிஜனிலிருந்து ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் மூர்க்கமான துணுக்குகள் பெருகி, அணுக்களின் சுவரையும், அணுவுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் அரிக்கின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு இளகி வீக்கம் வருகிறது.

மெலடோனின் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். அந்தத் துணுக்குகளில் மிகக் கொடியதான ஹைட்ராக்சிலை அது நேராகப் பிடித்து அடக்குகிறது என்று 1993-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ரஸல் ரைட்டரின் குழு காட்டியது. அது தண்ணீரிலும் ஓரளவு கரையும், கொழுப்பிலும் கரையும். அதனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தட்டாமலே கடந்துவிடுகிறது. ஒரு துணுக்கை அடக்கிச் சிதைந்தபின், அந்தச் சிதைவில் பிறக்கும் பொருளும் இன்னொரு துணுக்கை அடக்குகிறது. பினியல் நீக்கப்பட்ட எலிக்கு மூளையில் அடைப்பை உண்டாக்கினால், சேதம் மற்ற எலிகளைவிடப் பெரிதாக இருக்கிறது. மெலடோனினை ஊசியாகக் கொடுத்தால் குறைகிறது. 2005-இல் எடின்பரோவின் மால்கம் மெக்லியோடும் சகாக்களும் அதுவரை வந்த விலங்கு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். விளைவில் 40 சதவீதத்துக்கும் மேல் முன்னேற்றம் தெரிந்தது. பெரியம்மா பார்த்த வீடியோ வெறும் புரளி அல்ல. அதன் வேர் இங்கே இருக்கிறது.

வேர் இருந்தும் மரம் ஏன் வரவில்லை? மூளையைக் காக்கும் மருந்துகளின் வரலாறு முழுக்கவே இப்படித்தான் போயிருக்கிறது. அடைப்பு வாதத்துக்கு ஆய்வகங்களில் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் எத்தனை என்று ஆஸ்திரேலியாவில் ஒரு குழு எண்ணி 2006-இல் வெளியிட்டது. எண்ணிக்கை 1,026. அவற்றில் நூற்றுச் சொச்சம் மனிதர்கள்வரை வந்தன. காக்கும் மருந்து என்று உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு ஒரு மருந்து நம்பிக்கை தந்தது. என்எக்ஸ்ஒய்-059 என்று பெயர். மெலடோனினைப்போல ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடிப்பதுதான் அதற்கும் வேலை. எலிகளில் வென்றது, முதல் மனிதப் பரிசோதனையிலும் வென்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் நடந்த இரண்டாவது பரிசோதனை 2007-இல் வெளிவந்தபோது பலன் எதுவும் இல்லை. அத்தோடு அந்த மருந்து கைவிடப்பட்டது.

எலியிடம் வெல்வது மனிதனிடம் தோற்பது ஏன் என்பதற்கு அதுவரை பல சமாதானங்கள் இருந்தன. எலிகள் இளசு, நோயாளிகள் முதியவர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள். எலிக்கு அடைப்பு உண்டான சில நிமிடங்களில், சில சமயம் உண்டாவதற்கு முன்பே, மருந்து போய்விடும். நோயாளி வந்துசேரவே மணிக்கணக்காகும். எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லோர் கண்முன்னும் சுவரில் தொங்கிய ஒன்றை யாரும் பார்க்கவில்லை. அது கடிகாரம்.

எலி இரவில் நடமாடும் பிராணி, பகலில் தூங்கும். ஆய்வாளர் பகலில் வேலை செய்பவர். காலை பத்து மணிக்கு ஆய்வகம் வந்து, கையுறை மாட்டி, கூண்டிலிருந்து எலியை எடுத்து, 11 மணிக்கு அதன் மூளைக் குழாயை அடைக்கிறார். எலிக்கு அது நடுநிசி, தூக்கத்தின் ஆழம். மனிதனுக்கு வாதம் எப்போது வருகிறது? 1998-இல் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பக்கவாதங்களை வைத்துப் பார்த்த கணக்கில், காலை 6 முதல் நண்பகல் 12 வரையுள்ள பொழுதில், நாள் முழுதும் சமமாகப் பரவியிருந்தால் வரவேண்டியதைவிட 49 சதவீதம் அதிகம். ஆக, நாம் விழித்தெழும் பொழுதின் நோய்க்கு, தூங்கும் எலியிடம் மருந்து தேடிக்கொண்டிருந்தோம்.

இதை நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் எங் லோவும் சகாக்களும். அந்த ஆய்வு 2020-இல் நேச்சர் இதழில் வந்தது. தோற்றுப்போன மூன்று சிகிச்சைகளை எடுத்தார்கள். ஒன்று ஆக்ஸிஜன், இன்னொன்று குளூட்டமேட் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்து, மூன்றாவது, என்எக்ஸ்ஒய்-059-இன் தாய் வேதிப்பொருள். பகலில், அதாவது எலியின் தூக்கப் பொழுதில், மூன்றும் சேதத்தைக் குறைத்தன. இரவில், எலி விழித்திருக்கும் பொழுதில், மூன்றும் பயனற்றுப்போயின. விழித்திருக்கும் பொழுதில் அந்த வாடிய வட்டமே குறுகலாக இருந்தது. காப்பாற்றுவதற்கு அங்கே மிச்சம் குறைவு. இந்த முடிவைப் படித்த அன்று எனக்கு வருத்தம்தான் மிஞ்சியது. இத்தனை பேர் உழைப்பு, இத்தனை நோயாளிகளின் சம்மதக் கையெழுத்து. யாராவது ஒருவர் இரவு டியூட்டியில் எலியைத் தொட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

வேறு எந்த மருந்தையும்விட மெலடோனினுக்கு இந்தச் சிக்கல் ஆழமானது. காரணம், மெலடோனினே பொழுதின் பொருள். இருட்டில் சுரப்பது எலிக்கும் நமக்கும் பொது. ஆனால் நமக்கு அது ஓய்வுப் பொழுதின் அறிவிப்பு, எலிக்கு வேலைப் பொழுதின் அறிவிப்பு. காலை 11 மணி எலியை எண்ணிப் பாருங்கள்: அது தூங்குகிறது, உடம்பில் மெலடோனின் இல்லை. மனிதர் இரவில் தூங்கும்போது மெலடோனின் உண்டு. காலையில் மெலடோனின் வடிந்திருக்கும், ஆனால் அவர் விழித்திருப்பார். உறக்கமும் மெலடோனின் இன்மையும் சேர்ந்த அந்த எலியின் நிலை, பகல் தூக்கத்தைத் தவிர, நம் நாளில் எங்கேயும் இல்லை. இன்னொன்றும் உண்டு. உலக ஆய்வகங்களில் மிகுதியாகப் புழங்கும் சி57பிஎல்/6 என்ற கறுப்புச் சுண்டெலிக்கு ஒரு மரபணுக் குறையால் பினியலில் மெலடோனின் தயாராவதே அரிது. இல்லாதவனுக்குக் கொடுத்தால் பலன் பெரிதாகத் தெரியும். இருப்பவனுக்கும் அதே பலன் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

அளவையும் பார்த்துவிடுவோம். எலிகளுக்குப் பொதுவாகக் கொடுத்தது கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், அதுவும் ஊசியாக. எலி அளவை மனித அளவாக்க மருந்தியலில் 6.2-ஆல் வகுப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தபட்சக் கணக்கே 48 மில்லிகிராம் வருகிறது. மாத்திரையாக விழுங்கினால் அதில் ஏழில் ஒரு பங்கு அளவே ரத்தத்தில் சேரும். சேர்ந்ததும் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெரியம்மாவின் 10 மில்லிகிராம் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. டப்பாவில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. கனடாவில் கடைகளில் வாங்கிய 31 வகை மெலடோனினைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். சிலவற்றில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவு, சிலவற்றில் 478 சதவீதம் கூடுதல். நான்கில் ஒன்றில் செரட்டோனின் என்ற இன்னொரு வேதிப்பொருள் வேறு கலந்திருந்தது.

மனிதர்களில் கைவசம் இருப்பவை சிறு பரிசோதனைகள். பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைகளின் மூளையைக் காக்க மெலடோனினைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஊக்கமளிப்பவை, எண்ணிக்கை குறைவு. அடைப்பு வாதத்துக்குச் சிகிச்சை வழிகாட்டிகள் எதிலும் மெலடோனினுக்கு இடம் இல்லை. ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இவ்வளவு மலிவான, பெரிதாகத் தொல்லை தராத, காப்புரிமைப் பூட்டு இல்லாத ஒரு பொருளை, பொழுதைக் கணக்கில் வைத்து, முதியவர்களிடம், போதிய அளவில், கட்டியை இழுத்தெடுக்கும் நேரத்தோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும். லாபம் இல்லாததால் கம்பெனிகள் முன்வரத் தயங்கும். அரசுகள்தான் செய்யவேண்டும். செய்யத் தகுந்த வேலை இது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெரியம்மாவின் கேள்வி மீதம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு அன்று அது கையில் இருந்திருந்தால்?

பெரியப்பா இரவு 10 மணிக்கு நல்லபடியாகப் படுத்தவர். காலை ஐந்தரைக்கு எழுந்தபோது வலது கை தொங்கிவிட்டது, வாய் கோணியிருந்தது. பெரியம்மா பதறிப்போய் ஒரு வாய் காப்பி கொடுத்தார், புரையேறியது. வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த முதல் மணி நேரங்களில் விழுங்கும் திறன் குலைந்திருக்கும். காப்பியோ தண்ணீரோ மாத்திரையோ, மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?” என்பதுதான். 10 மணிக்கு என்றோம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. ஏழரை மணி நேரம் ஓடிவிட்டதால் ஊசி கிடைக்கவில்லை. ஐந்தில் ஒரு வாதம் இப்படித் தூக்கத்திலேயே வருகிறது. எம்ஆர்ஐ படத்தை வைத்தே சேதத்தின் வயதைக் கணித்து இவர்களில் சிலருக்கும் ஊசி போடலாம் என்று 2018-இல் ஒரு பரிசோதனை காட்டியிருக்கிறது. அன்று அங்கே அந்த வசதி இல்லை. மெலடோனின் கையில் இருந்திருந்தால் பெரியம்மா அதையும் காப்பியோடு கொடுத்திருப்பார். வந்தது அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. பெரியம்மா, அன்று அந்த டப்பா இல்லாததால் நீங்கள் எதையும் இழக்கவில்லை.

வார்டில் ஒன்பது இரவுகள் இருந்தார். இரண்டு இரவு நான் துணைக்கு இருந்தேன். கட்டிலுக்கு நேர் மேலே ஒரு டியூப் லைட். இரவு முழுக்க எரிந்தது. மூன்று மணி இருக்கும். குழறலாக, “விடிஞ்சிருச்சாப்பா?” என்றார். “இல்ல பெரியப்பா, இன்னும் இருக்கு, தூங்குங்க” என்றேன். கால்மணி கழித்து மறுபடி அதே கேள்வி. அவருடைய பினியலும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்கு அன்று தெரியாது. சாதாரண அறை வெளிச்சத்தைத் தூங்கும் நேரத்தில் எரியவிட்டாலே, பெரும்பாலான சமயம் மெலடோனின் பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது என்று 2011-இல் ஹார்வர்டு ஆய்வு சொன்னது. ஏற்கெனவே வயதால் தாழ்ந்த உச்சம், வாதத்தால் குலைந்த கடிகாரம், அதன்மேல் அந்த விளக்கு.

டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்குப் பக்கத்திலுள்ள க்ளோஸ்ட்ரப் மருத்துவமனையின் பக்கவாத மறுவாழ்வு வார்டில் விளக்குகளையே மாற்றிப் பார்த்தார்கள். பகலில் வெயிலைப்போல வலுவான வெளிச்சம். மாலையானால் நீலம் வடிந்து மங்கல். நோயாளிகளின் மெலடோனின் மறுபடி இரவுப் பொழுதுக்கு ஒழுங்காக எழுந்தது. அசதியும் மனச்சோர்வும் குறைந்தன. மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. நம் வார்டுகளுக்கு அந்த விலையுயர்ந்த விளக்குகள் வேண்டியதில்லை. சுவிட்ச் இருக்கிறது. முதல் ஒருநாள், குறிப்பாக ஊசி போட்டவர்களை, செவிலியர் அடிக்கடி கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தே ஆகவேண்டும். அதில் சமரசம் கூடாது. அதற்குப் பிந்தைய இரவுகளுக்கு ஒரு சிறு விளக்கு போதும், தரையோரமாக.

அதனால் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மெலடோனின் உட்பட வாயில் எதையும் கொடுக்காதீர்கள். பிழைத்து வார்டுக்கு வந்துவிட்டார் என்றால், பகலில் ஜன்னல் திரையை விலக்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்குச் செவிலியரிடம் போய், தலைக்கு மேலுள்ள அந்த விளக்கை அணைக்க முடியுமா என்று கேளுங்கள்.